பம்ளிமாஸும் பிரஷர் மாத்திரையும்

எனக்கு வாய் நீளம். ஒரு பொருள் பிடித்துவிட்டால் போதும், ஊர் முழுக்கத் தமுக்கடித்துவிடுவேன். போன வருடம் நான் தமுக்கடித்தது பம்ளிமாஸுக்கு. வேடந்தாங்கல் பக்கம் எங்கள் கொல்லையில் இருந்த ஒற்றை மரம், நட்ட ஆறாம் வருடம் காய்த்துக் கொட்டியது. ஒவ்வொன்றும் குழந்தைத் தலை அளவு. தடித்த தோலை உரித்தால் உள்ளே இளஞ்சிவப்புச் சுளை. ஏரியில் பறவை பார்க்க வந்தவர்கள் வாங்கித் தின்றுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று திரும்பி வந்தார்கள். நம் மண்ணுக்கு ஒத்துவருகிறது, நெல்லுக்குப் பதிலாக அரை ஏக்கர் இதையே வைக்கலாம் என்று கணவரை நச்சரித்தேன். வைட்டமின் சி, நார்ச்சத்து என்று யாரைப் பார்த்தாலும் அடுக்குவேன். நாவலூரில் இருக்கும் அண்ணனுக்கு ஒரு பை நிறையக் கொடுத்தனுப்பிவிட்டு, "மாத்திரையெல்லாம் இன்னாத்துக்குண்ணா? இதத் தின்னு" என்று போனில் வேறு சொன்னேன்.

ஜனவரியில் ஒரு நாள் காலை, குளித்துவிட்டு வந்த கணவர் கதவைப் பிடித்தபடியே சரிந்தார். உடம்பு சில்லென்று இருந்தது. கார் பிடித்துச் செங்கல்பட்டு போய்ச் சேரும்வரை அவர் மூக்கருகே விரலை வைத்துக்கொண்டே போனேன்.

பிரஷர் ஒரேயடியாக இறங்கிவிட்டதாம். அவர் தினமும் போடும் பிரஷர் மாத்திரையின் சீட்டைப் பார்த்த டாக்டரம்மா, "காலையில என்ன சாப்ட்டார்?" என்று கேட்டார்.

"இட்லிதாம்மா," என்று கணவர் முந்திக்கொண்டார். படுத்த படுக்கையிலும் என்னைக் காப்பாற்றுகிறாராம், பாவி மனுஷன்!

"இல்லம்மா, பம்ளிமாஸ். பத்து நாளா தினமும் ஒரு பழம். நான்தான் குடுத்தேன்," என்றேன்.

பழம் நல்ல பழம்தான், ஆனால் சில மாத்திரைகளோடு சேராது என்றார் அவர். பழம் சேர்ந்ததால் மாத்திரையின் வேகம் அளவுக்கு மீறிவிட்டதாம். சரியான நேரத்தில் கொண்டுவந்ததால் பயமில்லை என்றும் சொன்னார். நான் மூச்சு விடுவதற்குள், "வேற யாருக்காவது குடுத்தீங்களா?" என்றார்.

அண்ணனுக்கும் பிரஷர். வராந்தாவுக்கு ஓடிப் போய் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒருவழியாக எடுத்தார்.

"அண்ணா, அந்தப் பழத்தத் தொடாத! பிரஷர் மாத்திரையோட சேர்ந்தா ஆபத்தாம்!"

அண்ணன் சிரித்தார். "இன்னாத்துக்கு இப்டி பயந்துகினு கீற? நான் எங்க மாத்திரை போட்றேன்? நீ சொன்ன அன்னிக்கே நிறுத்திட்டேனே."