மலை வளைவில் நின்று பிடித்த படகு

“கடலே பாக்காத பொண்ணு எங்களுக்குத் திமிங்கலம் காட்டப் போவுதா? நல்லாக்குது போ!”

போளூரில் எங்கள் டிராவல்ஸ் அலுவலகத்தில் என் எதிரே உட்கார்ந்து இப்படிச் சொன்னவர் சம்பத் சார். கணியம்பாடியில் சிமெண்டு கடை வைத்திருப்பவர். கோடை விடுமுறைக்கு மனைவி, மகள், அம்மாவோடு இலங்கைக்குப் போக நினைத்தார். மகளின் பிறந்தநாளன்று திருகோணமலையில் படகேறித் திமிங்கலம் பார்க்க வேண்டும். பேச்சுவாக்கில் என் ஊரைக் கேட்டார். ஜவ்வாது மலை, நெல்லிவாசல்நாடு என்றேன். அதற்குத்தான் அந்தச் சிரிப்பு.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். சிரிப்பு எனக்குப் புதிதல்ல. “திமிங்கலம் காட்டறது போட்காரர் வேலை சார். நல்ல படகாப் பாத்துப் புடிக்கிறது என் வேலை” என்றேன்.

அவர் போனதும் முதலாளி குமரன் சார் என்னைக் கூப்பிட்டார். அதுவரை நான் பஸ், ரயில் டிக்கெட் மட்டும்தான் போட்டுக்கொண்டிருந்தேன். “இது உன் மொத பேக்கேஜ். கம்ப்ளைண்ட் வந்துச்சுன்னா மறுபடி டிக்கெட் கவுண்டர்தான்மா” என்றார்.

டவர் கிடைக்கும் இடம்

அவர்கள் திருகோணமலையில் இருந்த நாட்களில் நான் ஊர்த் திருவிழாவுக்கு லீவு போட்டு மலைக்கு வந்திருந்தேன். எங்கள் ஊரில் போன் எடுக்காது. ஜீப் ரோட்டில் ஏறி மேல் வளைவுக்குப் போனால்தான் டவர் கிடைக்கும். பிறந்தநாளுக்கு முதல் நாள் சாயங்காலம், எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று கேட்கத்தான் ஏறினேன். வளைவில் கால் வைத்ததும் மிஸ்டு கால்கள் வரிசையாக வந்து விழுந்தன. எல்லாம் முதலாளி.

“எங்கம்மா போய்ட்ட? நாம புக் பண்ண போட்டு இன்ஜின் அவுட்டாம். நாளைக்குக் காலைல வேற போட்டு வேணும். இருட்டறதுக்குள்ள கன்ஃபர்ம் பண்ணு.”

தெரிந்தவர்களிடம் விசாரித்ததில் இரண்டு படகுகள் கிடைத்தன. ஒன்று பெரியது, ஹோட்டல்காரர்களே சிபாரிசு செய்வது. இன்னொன்று ஒரு மீனவர் ஓட்டும் ஃபைபர் படகு. இருவரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டேன். குழந்தை சைஸில் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா? ஸ்பேர் இன்ஜின் இருக்கிறதா? கரைக்குத் தகவல் சொல்ல வயர்லெஸ் இருக்கிறதா? “இருக்கு தங்கச்சி” என்றார் ஒருவர். “எல்லாம் இருக்கு” என்றார் மற்றவர். இருவர் அனுப்பிய படங்களிலும் கடல் நீலமாக, சாதுவாக இருந்தது. என் போனில் சார்ஜும் இறங்கிக்கொண்டிருந்தது. எதை வைத்து முடிவு செய்வது?

அப்போதுதான் வேலு அண்ணனின் ஷேர் ஜீப் வளைவில் வந்து நின்றது. “இன்னாடி, போனும் கையுமா? மாப்ள யாரு?” என்று உள்ளேயிருந்து ஒரு குரல். ஜீப் முழுக்கச் சிரித்தது.

“திமிங்கலம்!” என்றேன் எரிச்சலில். இன்னும் சிரித்தார்கள்.

கைக்குழந்தையோடு ரோட்டோரம் காத்திருந்த பெண் சிரிக்கவில்லை. அவள் மேற்கே மேகத்தைப் பார்த்தாள். “அண்ணே, ஓடைல தண்ணி வந்துச்சுன்னா?”

“வந்துச்சுன்னா இந்தாண்டயே திருப்பிக்கினு வந்துடுவேன். போன வாரம் திருப்பல? பாதி பேரு என்னைத் திட்டிக்கினேதான் எறங்கனாங்க.”

அவள் ஏறி உட்கார்ந்தாள்.

எங்கள் மலையில் பெண்கள் ஜீப் ஏறும்போது கேட்கிற கேள்விதான் இது. “நான் திருப்புனதே இல்ல” என்று பெருமை பேசுகிற டிரைவரின் வண்டியில் யாரும் பிள்ளையை ஏற்றுவதில்லை. ஜீப் கிளம்பியதும் இரண்டு படகுக்காரர்களுக்கும் மறுபடி போன் போட்டேன். “கடைசியா எப்பங்க பாதியில திரும்பி வந்தீங்க?”

பெரிய படகுக்காரர் சிரித்தார். “திரும்புறதோ? திமிங்கலம் காட்டாமத் திரும்பின சரித்திரமே இல்லை. நூறு வீதம் கேரண்டி!”

மீனவர் கொஞ்சம் யோசித்தார். “முந்தநாள் திருப்பினனான் தங்கச்சி. காத்து மாறிட்டுது. வந்த ஆக்களுக்குச் சரியான கோபம். என்ன செய்யிறது, கடலோட சண்டை பிடிக்கேலாது.”

அவர் படகை உறுதி செய்துவிட்டு சம்பத் சாருக்குச் சொன்னேன்.

“ஹோட்டல்ல எல்லாரும் பெரிய போட்ல போறாங்க. அவன் கேரண்டி குடுக்கறான். நீ இன்னாத்துக்கு இதப் புடிச்ச?”

“பாப்பா இருக்குது, அம்மா இருக்காங்க சார். இவரு திருப்பத் தெரிஞ்சவரு.”

“திருப்பறதுக்கா நான் காசு குடுக்கறேன்?”

அதற்குள் போன் அணைந்துவிட்டது.

காத்திருந்த காலை

பக்கத்து வீட்டு சோலார் விளக்கில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு விடியும்போதே வளைவுக்குப் போய்விட்டேன். பயமாக இருக்கிறது என்று நான் சொன்னதால் அம்மாவும் கூட வந்தாள்.

“கடலு நம்ம ஏரி மாதிரி எத்தினி இருக்கும்?”

“தெரியலம்மா.”

“தெரியாமயா அனுப்புன?”

பள்ளத்தாக்கு முழுக்கப் பனிமூட்டம். அதற்குள் ஒரு சின்னப் படகு போய்க்கொண்டிருப்பது போலவே இருந்தது. மீனவருக்கு அடித்தேன், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. கடலில் இருந்தால் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பாப்பாவின் பாஸ்போர்ட் போட்டோ கண் முன்னால் வந்து வந்து போனது.

வெயில் ஏறிய பிறகு சம்பத் சார் கூப்பிட்டார்.

“திருப்பிட்டான்மா உன் ஆளு! பாதி தூரத்துலயே. ஒரு மீன் வாலு கூடப் பாக்கல. பெரிய போட்ல போனவனுங்க நனைஞ்சிக்கினு வந்து எனக்கு வீடியோ காட்டறானுங்க. ரெண்டு திமிங்கலம்! எம்பொண்ணு அழுவுது!”

அந்தப் பெரிய படகுக்கு ஒன்றும் ஆகவில்லை. திமிங்கலமும் பார்த்துவிட்டார்கள். என் முடிவு தப்பு என்று சொல்ல அதற்கு மேல் என்ன வேண்டும்? “சார்…” என்று ஆரம்பித்தேன்.

போன் கை மாறியது. அவர் மனைவி கோமதி அக்கா பேசினார். “அவர உடும்மா. அலை தூக்கினப்ப மாமியார் என் கையப் புடிச்ச புடி இன்னும் வலிக்குது. பயமா இருக்குதுன்னு அவங்க சொன்னாங்க. அந்த அண்ணன் மறுபேச்சுப் பேசல, திருப்பிட்டாரு. நாளைக்கும் நாங்க இங்கதான் இருக்கோம். அதே போட்டயே சொல்லு.”

“அதே போட்டாக்கா?”

“அதேதான். இவரு வரலன்னா ஹோட்டல்ல தூங்கட்டும்.”

மறுநாள் கடல் அடங்கியிருந்ததாம். சம்பத் சாரும் போனார். ஒரு திமிங்கலம் தண்ணீரைப் பீய்ச்சிவிட்டு, முதுகைக் காட்டி முழுகியது. “எருமை குட்டையில முங்கற மாதிரி இருந்துச்சுக்கா” என்று பாப்பா எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். சம்பத் சார் கட்டைவிரல் படம் ஒன்று மட்டும் அனுப்பினார்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். “இருக்கா?” என்று கேட்டால் எல்லோரும் “இருக்கு” என்றுதான் சொல்வார்கள். “எப்போ முடியலன்னு திரும்பி வந்தீங்க?” என்று கேளுங்கள். அப்படித் தேர்ந்தெடுத்தாலும் திட்டு விழலாம். எனக்கு விழுந்தது. இன்றைக்குக் கேட்டாலும் நான் அந்தப் படகைத்தான் சொல்வேன்.

முதலாளி என்னை டிக்கெட் கவுண்டருக்கு அனுப்பவில்லை. அடுத்த சீசனில் திமிங்கலம் பார்க்க ஒரு டீச்சர்கள் குழு பதிவு செய்திருக்கிறது. “கூட யார அனுப்பறது?” என்று அவர் கேட்டபோது என் பாஸ்போர்ட்டை மேசையில் வைத்தேன். பிறகு திருகோணமலையில் அந்த மீனவருக்குப் போன் போட்டேன்.

“கடல் பழக்கமோ தங்கச்சி?”

“இல்லண்ணா. பயமாத்தான் இருக்குது.”

“பயமெண்டால் சொல்லுங்கோ, திருப்புவன்.”

டீச்சர்களின் பெயர்களைச் சொல்லி முடித்து, கடைசி லைஃப் ஜாக்கெட்டுக்கு என் பெயரைச் சொன்னேன்.