செவலைக்கு யாரைக் கண்டு பயம்?

மேலூர்ப் பக்கம் வீடு வீடாகப் போய், மாடுகளை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து மதிப்பெண் போடுவது என் வேலை. மாட்டை நோக்கி மெதுவாக நடக்க வேண்டும். அது தூரத்திலேயே மிரண்டால், வீட்டில் அடிவாங்கும் மாடு என்று கணக்கு.

பாண்டியம்மா அக்காவின் செவலைப் பசு, நான் பத்தடி தள்ளி நிற்கும்போதே கயிற்றை இழுத்துக்கொண்டு துள்ளியது. தாளில் ‘மோசம்’ என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “இம்புட்டு அடிச்சா எப்படிக்கா பால் கறக்கும்?” என்று கேட்டும் விட்டேன்.

அக்காவின் முகம் சுண்டிப்போனது. “நானா அடிக்கிறேன்? அந்தப் பச்சைக் கோட்டைக் கழட்டிட்டு வாங்க தம்பி. ஊசி போட வாரவுகளும் இதைத்தான் மாட்டிக்கிட்டு வாராக” என்றார்.

கோட்டைக் கொடியில் போட்டுவிட்டு மறுபடி நடந்தேன். செவலை அசையவில்லை. கிட்டே போனதும் கழுத்தை நீட்டி என் முழங்கையை நக்கியது.

கூசிப்போய் மன்னிப்புக் கேட்டேன். அக்கா கோட்டை எடுத்துக் கையில் கொடுத்து, “வெளிய போயி மாட்டிக்கங்க” என்றார், அவ்வளவுதான்.

அந்தத் தாளைத் திருத்திவிட்டேன். அதற்கு முன்னால் அதே கோட்டோடு போய் எத்தனை வீடுகளில் ‘மோசம்’ எழுதினேனோ, அந்தத் தாள்களெல்லாம் என் கையெழுத்தோடு எப்போதோ ஆபீசுக்குப் போய்விட்டன.