ஃபிளெக்ஸில் ஒரு தமிழ் வரி

மன்னிக்கும் குணம் எனக்குக் கிடையாது. யாராவது ஒரு சொல் சொல்லிவிட்டால், சொன்னவரின் சட்டை நிறம் உட்பட நினைவில் வைத்துக்கொள்வேன். திருப்பதியில் நான் இன்டர் படித்த தனியார் கல்லூரியின் வைஸ் பிரின்சிபால் அன்று போட்டிருந்தது இளநீலச் சட்டை. இன்டர் என்பது எங்கள் பக்கத்துப் பிளஸ் டூ.

நகரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஆந்திராவில்தான் இருக்கிறது, ஆனால் வீட்டிலும் வயலிலும் தமிழ். அரசாங்கத் தமிழ் மீடியம் பள்ளியில் பத்தாவது முடித்து, நல்ல மதிப்பெண்ணோடு நைனாவுடன் அட்மிஷனுக்குப் போனேன். நைனா கூலி வேலை செய்பவர். அன்றைக்காக வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். வந்த பிள்ளைகளுக்கு ஒரு டெஸ்ட் வைத்து, ஸ்டார் பேட்சில் தொடங்கி கடைசி செக்ஷன் வரை பிரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வைஸ் பிரின்சிபால் என் சான்றிதழைப் பார்த்தார்.

"அரவ மீடியமா? லாஸ்ட் செக்ஷன்."

தெலுங்கில் தமிழுக்கு அரவம் என்று பெயர். அதைச் சாதாரணமாகவும் சொல்லலாம், மூக்கைப் பிடித்துக்கொண்டும் சொல்லலாம். அவர் இரண்டாவது விதமாகச் சொன்னார். டெஸ்ட் மட்டும் எழுத விடுங்கள் சார் என்று நைனா தெலுங்கில் கெஞ்சினார். "மீவாள்ளு பாஸ் அயித்தே சாலு" என்றார் அவர். உங்கள் ஆட்கள் பாஸானாலே போதுமாம். நைனா அதற்கும் சிரித்து வைத்தார். அந்தச் சிரிப்புக்கும் சேர்த்துத்தான் நான் கறுவிக்கொண்டேன்.

கடைசி செக்ஷனில் எல்லைக் கிராமத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் இருந்தோம். பாடம் எடுக்க வந்தவர் அந்த வருடம்தான் படிப்பை முடித்தவர். அவரும் பாதி நாள் வரமாட்டார். முதல் இரண்டு மாதம் ஃபிசிக்ஸ் புத்தகத்தில் ஆங்கில வார்த்தைகளுக்கு மேலே முடுக்கம், உந்தம், விசை என்று பென்சிலால் எழுதி எழுதிப் படித்தேன். பிறகு ஹாஸ்டலில் ஸ்டார் பேட்ச் பெண் ஒருத்தியிடம் அவர்களுடைய வாரத் தேர்வுக் கேள்வித்தாளைக் கேட்டு வாங்கி, ஞாயிறு முழுக்க உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். கணக்கின் மேல் ஆசையா என்று கேட்டால், இல்லை. அந்த மனிதரின் முகம் தொங்கிப்போவதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். லட்சியம், கனவு என்றெல்லாம் மேடையில் பேசுகிறார்களே, எனக்கு அதெல்லாம் இருந்ததில்லை. வன்மம் இருந்தது. அது நன்றாகவே வேலை செய்தது.

நுழைவுத் தேர்வு முடிவு வந்தபோது அந்தக் கல்லூரியிலேயே என் ரேங்க்தான் முதல். மூன்றாம் நாள் எங்கள் தெருவில் ஒரு கார் வந்து நின்றது. வைஸ் பிரின்சிபால் இறங்கினார், கையில் சால்வையும் ஸ்வீட் பாக்ஸும். ரேங்க் வாங்கிய பிள்ளைகளின் படத்தை ஃபிளெக்ஸ் அடித்துக் கட்டினால்தான் கல்லூரிகளுக்கு அடுத்த வருட அட்மிஷன் நடக்கும். அதற்கு என் படமும் கையெழுத்தும் அவருக்கு வேண்டும். படத்துக்குக் கீழே 'ஸ்டார் பேட்ச்' என்று போடுவார்களாம்.

"நான் ஸ்டார் பேட்ச் இல்லியே சார்" என்றேன், தமிழில். அவருக்குத் தமிழ் புரியும், படிக்கத்தான் வராது. 'அரசுத் தமிழ்ப் பள்ளி மாணவி, கடைசி செக்ஷன்' என்று பெரிதாகத் தமிழில் போட வேண்டும், இல்லாவிட்டால் படம் கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

நைனா பதறிப்போனார். "ஊடு தேடி வந்துகிறாரு. எதுக்குமா வம்பு பண்ணிக்கினு கீற? குட்த்துடு."

"அன்னிக்கு சிரிச்ச இல்ல நைனா, இன்னிக்கும் சிரிச்சிக்கினு குந்து."

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். வைஸ் பிரின்சிபால் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சரியென்று தலையாட்டினார். அந்த வரியை ஒரு தாளில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

அவர்களுடைய ஃபிளெக்ஸ் கடையில் தமிழ் அடிக்க ஆளில்லை. அடித்து வந்ததில் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடந்தன. திருத்தணிக்குப் போய் அடிக்கச் சொன்னேன். அவரே போனார். அங்கிருந்து ஃபோனில் படம் அனுப்பி, "இதி சரேனா அம்மா?" என்று கேட்டார். சரியாகத்தான் இருந்தது. எழுத்து மெலிதாக இருக்கிறது என்றேன். மறுபடி அனுப்பினார். மஞ்சள் வேண்டாம், சிவப்பு என்றேன். வெயிலில் கடை வாசலில் நிற்கிறேன் அம்மா என்றார். நிற்கட்டும் என்று ஃபோனை வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். வெறும் ரசமும் சோறும்தான். அத்தனை ருசியாக அதற்கு முன் நான் சாப்பிட்டதில்லை.

திருப்பதி, ரேணிகுண்டா, சித்தூர் என்று எல்லா இடத்திலும் கட்டினார்கள். சித்தூரில் இன்ஜினியரிங் சேர்ந்த பிறகு, ஊருக்குப் போகும்போதெல்லாம் பஸ் ஸ்டாண்டில் அதன் கீழே ஐந்து நிமிடம் நிற்பேன். யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும் என்று சும்மாவா சொன்னார்கள்?

அடுத்த வருட அட்மிஷன் சமயத்தில் அதே ஃபிளெக்ஸை மறுபடி அடித்தார்கள். இந்த முறை என்னைக் கேட்கவில்லை. நகரி, புத்தூர், சத்தியவேடு, எங்கள் ஊர்த் திருப்பம் வரை தொங்கியது. தமிழ் வரி மட்டும் இரண்டு மடங்கு பெரிதாக இருந்தது. அதைப் படித்துவிட்டு எங்கள் ஆட்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். "உன் காலேஜிலியே சேத்துட்டோம்" என்று என்னிடமே வந்து சந்தோஷமாகச் சொன்னார்கள். எனக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

கல்லூரி திறந்த இரண்டாவது வாரம், எங்கள் தெருப் பெண் ஒருத்தி ஹாஸ்டலில் இருந்து ஃபோன் செய்தாள். பத்தாவதில் எங்கள் பள்ளியிலேயே முதலாவதாக வந்தவள்.

"நம்மூரு பசங்களுக்கு டெஸ்ட்டே வெக்கலக்கா. மொத்தமா லாஸ்ட் செக்ஷன்ல போட்டுட்டாங்க. இடம் பத்தலன்னு இப்ப ரெண்டு லாஸ்ட் செக்ஷன் பண்ணிக்கிறாங்க."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "நீ சும்மாவா வந்த? ஏன்னு கேக்கலியா?"

"கேட்டேங்க்கா. சார் உன் ஃபிளெக்ஸதான் காட்னாரு. லாஸ்ட் செக்ஷன்லேருந்துதான் ரேங்க் வரும், உங்க அக்காவே எழுதி கையெழுத்து போட்டு குட்த்துகிறான்னாரு."