ரோஜாவுக்கு ஊற்றிய தண்ணீர்

தொண்ணூறுகளில் ஒரு கோடை. ராஜபாளையத்தில் தண்ணீருக்குப் பெரும் தட்டுப்பாடு. அப்படியும் வாசலில் தொட்டி வைத்து ரோஜா வளர்த்தேன். ஒரு மத்தியானம் செடிகளுக்கு ஊற்றிவிட்டு நிமிர்ந்தால், பக்கத்து வீட்டு மேரி குடத்தோடு நிற்கிறாள்.

“அக்கா, பிள்ளைக்குக் காய்ச்சல். கஞ்சி வைக்கக்கூடத் தண்ணியில்ல. ஒரு குடம் தாரீகளா?”

“எங்க வீட்டுலயும் இல்லையே” என்றேன், கூசாமல்.

அதற்குள் தொட்டிகளின் அடியிலிருந்து கசிந்த தண்ணீர் ஓடிவந்து அவள் காலை நனைத்தது. குனிந்து பார்த்தாள். “சரிக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

அவமானத்தில் குறுகிப்போனேன். உள்ளே மூடி வைத்திருந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு ஓடினேன்.

வாங்கும்போது கேட்டாள்: “உங்களுக்கு இருக்காக்கா?”

அவள் திட்டியிருந்தால், அந்த நாளை என்றைக்கோ மறந்திருப்பேன்.