பதினோராவது விதி

இந்தப் பள்ளியில் டீச்சர் வகுப்புக்குப் போவதில்லை, வகுப்புதான் டீச்சரிடம் வருகிறது. எனக்கென்று ஓர் அறை, கதவில் என் பெயர், உள்ளே முப்பது நாற்காலி. மணி அடித்தால் ஒரு கூட்டம் வரும், ஐம்பது நிமிடத்தில் எழுந்து போகும், அடுத்த கூட்டம் வரும். நான் பஸ் ஸ்டாண்டு பூக்காரி மாதிரி உட்கார்ந்த இடத்திலேயே இருப்பேன். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் பன்னிரண்டு வருஷம், சாக்பீஸ் டப்பாவும் வருகைப் பதிவேடுமாக மாடிக்கும் கீழுக்கும் ஓடியவளுக்கு முதல் வாரம் இது ராஜபோகமாகத்தான் இருந்தது. இரண்டாவது வாரம்தான் உறைத்தது. நான் யாரிடமும் போக வேண்டியதில்லை, சரி. கடைசி மணிக்குப் பிறகு என்னிடமும் யாரும் வரப்போவதில்லை.

டெக்சாஸில் ஒரு சின்ன ஊர் இது. வெயிலில் மட்டும் விருதுநகருக்குக் குறைச்சல் இல்லை. மூன்று வருஷ விசாவில் உலக வரலாறு நடத்த வந்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் திருத்தங்கலில் ஒரு அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறார், மகள் பவித்ரா பிளஸ் ஒன் படிக்கிறாள். உலக வரலாறு நடத்துகிறவள் மதுரையைத் தாண்டாமல் சாகக் கூடாது என்று எனக்கு ஒரு திமிர். அந்தத் திமிர்தான் விமானம் ஏற்றியது. இறங்கிய பிறகு அது எங்கே போனதென்று தெரியவில்லை.

பள்ளி திறந்த அன்றே ஒவ்வொரு பிள்ளைக்கும் ‘எதிர்பார்ப்புகளும் விதிகளும்’ என்று ஒரு தாள் கொடுத்து, பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிவரச் சொல்ல வேண்டுமாம். பக்கத்து அறை லிண்டா, என்னைப் பழக்கிவிடச் சொல்லிப் பள்ளி நியமித்தவர், தன்னுடைய தாளையே கொடுத்து உதவினார். பத்து விதிகள். செல்போன் சுவரில் தொங்கும் பைக்குள் போக வேண்டும். பிந்தித் தரும் வீட்டுப்பாடத்துக்கு மதிப்பெண் குறையும். ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே பேசக் கூடாது. எந்த நாட்டையும் மதத்தையும் கேலி செய்யக் கூடாது. பாத்ரூம் போக வேண்டுமென்றால் கதவருகே தொங்கும் அட்டையை எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கலாம். எல்லாம் நியாயமான விதிகள்தான், குறை சொல்ல மாட்டேன். ஊரில் நான் விதி என்று எதையும் எழுதியதே கிடையாது. ‘ஏலே, தொலைச்சிப்புடுவேன்’ என்ற ஒரே விதியில் பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. ஆனாலும் பத்தையும் படித்து முடித்தபோது ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. வராத பிள்ளைக்கு என்ன விதி? என் பங்குக்குப் பதினோராவதாக ஒன்றைச் சேர்த்தேன்: ‘நீங்கள் வராவிட்டால், நான் உங்களைத் தேடி வருவேன்.’ லிண்டா அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். நான் வேடிக்கைக்கு எழுதியதாக நினைத்துக்கொண்டார். எதற்கென்று தெரியாமல் நானும் கூடச் சிரித்துவைத்தேன்.

எனக்கு அது வேடிக்கை இல்லை. எங்கள் பக்கம் தீபாவளிக்கு முந்தி சீசன் சூடுபிடித்தால் வகுப்பில் பெஞ்சுகள் காலியாகும். பெரியவர்கள் பட்டாசுக் கம்பெனிக்குப் போய்விட, பிள்ளை வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும், இல்லையென்றால் காகிதக் குழாய் சுருட்டும். வராத மூன்றாம் நாள் சாயங்காலம் நான் கிளம்பிவிடுவேன். நான் மட்டுமில்லை, எங்கள் டீச்சர்கள் எல்லோரும் செய்வதுதான். அதற்கு ஒரு முறை உண்டு. எடுத்த எடுப்பில் ‘ஏன் பிள்ளையை அனுப்பல’ என்று கேட்டுவிடக் கூடாது. முதலில் குடிக்கத் தண்ணீர் கேட்க வேண்டும். மழை ஏமாற்றியதைப் பேச வேண்டும். ‘இம்புட்டுத் தூரம் நடந்தா வந்தீக டீச்சர்’ என்று அந்த அம்மா அடுப்பைப் பற்றவைப்பார். அவர் போடுகிற காப்பியைக் குடிக்க வேண்டும். குடிக்காமல் எழுந்தால் காரியம் கெட்டது. கடைசியில் செருப்பை மாட்டிக்கொண்டே, பிள்ளையின் பக்கம் திரும்பாமல், ‘நாளைக்கு முதல் பிரியடு என்னுதுதான்’ என்று சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும். மறுநாள் பிள்ளை வந்து நிற்கும். வீடு தேடி வந்து காப்பி குடித்துப் போனவளின் முகத்தை முறிக்க அங்கே யாருக்கும் மனசு வராது.

இங்கே என் முதல் பிரியடில் ரோசா என்று ஒரு பெண். பெற்றோர் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள். மணி அடித்ததும் மற்றவர்கள் பறந்துவிட, இவள் மட்டும் இரண்டு நிமிடம் நின்று நாற்காலிகளை நேராக்கிவிட்டுப் போவாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு நாள் பூராவும் காரியம் இல்லாமல் ஒருத்தர் என்னோடு பேசுகிற நேரம் அந்த இரண்டு நிமிடம்தான். தொழிற்புரட்சி நடத்திய அன்று, பஞ்சாலைக்கு வேலைக்குப் போன இங்கிலாந்துப் பிள்ளைகளை அவர்களுடைய டீச்சர்கள் தேடிப் போகவில்லையா என்று கேட்டாள். புத்தகத்தில் அப்படி எதுவும் இல்லை. நான் வெம்பக்கோட்டைக் கதையைச் சொன்னேன். கண்ணை அகல விரித்துக் கேட்டுவிட்டு, எங்கள் வீட்டுக்கும் வருவீர்களா மிஸ் என்றாள். நீ வராவிட்டால் கட்டாயம் வருவேன் என்றேன்.

அக்டோபரில் ரோசா வரவில்லை. மூன்று நாளாயிற்று, ஐந்து நாளாயிற்று. லிண்டாவிடம் சொன்னால், கம்ப்யூட்டரே வீட்டுக்குப் போன் போட்டுப் பதிவுக்குரலில் சொல்லிவிடும், நீ கவலைப்படாதே என்றார். கம்ப்யூட்டருக்கு யார் காப்பி போட்டுக் கொடுப்பார்கள்? சனிக்கிழமை மத்தியானம், ரோசாவின் அம்மா கையெழுத்துப் போட்ட விதித்தாளில் இருந்த முகவரியைப் பார்த்துக் கிளம்பிவிட்டேன். வெறுங்கையோடு போகக் கூடாதென்று ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டேன். டீச்சர் என்று தெரியட்டும் என்று பள்ளி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். நடைபாதையே இல்லாத சாலையில் முக்கால் மணி நேரம் நடந்தேன், கார்க்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். கதவைத் தட்டினேன். ஜன்னல் திரை அசைந்தது, கதவு திறக்கவில்லை. வீட்டில் ஆள் இருந்தும் திறக்காவிட்டால் எங்கள் ஊரில் என்ன செய்வோம்? பின்வாசல் பக்கம் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். நானும் சுற்றிக்கொண்டு போய் “ரோசா, ரோசா” என்று கூப்பிட்டேன். உள்ளே ஒரு குழந்தை அழுதது, உடனே யாரோ அதன் வாயைப் பொத்திய மாதிரி சத்தம் நின்றது. வாழைப்பழத்தை வாசலில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை தலைமையாசிரியர் கூப்பிட்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. அடுத்த வீட்டுக்காரர் யாரோ பள்ளிக்குப் போன் செய்திருக்கிறார். ஊரில் விசா இல்லாதவர்களைப் பிடிக்கக் குடியேற்றச் சோதனை வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியதிலிருந்து அந்தக் குடும்பம் வாசலுக்கே வருவதில்லையாம். பிள்ளை பள்ளிக்கு வராததும் அதனால்தான். அப்படிப்பட்ட வீட்டில் கழுத்தில் அட்டையோடு ஒருத்தி போய்க் கதவைத் தட்டி, பின்பக்கமும் போய்க் கூப்பிட்டால், பிடிக்க வந்த அதிகாரி என்றுதானே நினைப்பார்கள்? அவர் என் தாளை எடுத்து மேசைமேல் வைத்து, பதினோராவது விதிக்குக் கீழே விரலை ஓட்டினார்.

“உங்களுக்கு நல்ல மனசு என்று எனக்குத் தெரியும். ஆனால் இதைப் படிக்கும் தாய்க்கு எப்படி இருக்கும்?”

அப்போதுதான் அதை அந்தத் தாயின் கண்ணால் படித்தேன். ஆத்தாடி, நானா இதை எழுதினேன்? அந்த வரியை எடுத்துவிட்டுப் புதுத் தாள் கொடுக்கச் சொன்னார். இனி முன்அனுமதி இல்லாமல் எந்த மாணவர் வீட்டுக்கும் போக மாட்டேன் என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வியாழக்கிழமை பள்ளி விட்ட பிறகு ரோசா வந்தாள், புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க. வெளியே கார் என்ஜினை நிறுத்தாமல் நின்றது. மாமா இருக்கும் ஊருக்குப் போகிறார்களாம். எந்த ஊர் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு ஏது?

“நான் ஜன்னல் வழியா உங்களைப் பார்த்தேன் மிஸ். எங்க டீச்சர்தான்னு சொன்னேன். டீச்சர் யாரும் வீட்டுக்கு வர மாட்டாங்கன்னு அம்மா சொல்லிட்டாங்க.”

வழக்கம்போல நாற்காலிகளை நேராக்கிவிட்டுத்தான் போனாள். அவள் போன பிறகு அந்த அறையில் உட்கார்ந்து நான் அழுதேன். தேடிப் போனால் பிள்ளை வரும் என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை. நான் தேடிப் போனதால் ஒரு பிள்ளை ஊரைவிட்டே போகிறது.

மறுநாள் காலை, முதல் மணிக்கு முன்னால் வகுப்பறையிலிருந்தே வீட்டுக்குப் போன் செய்தேன். அங்கே சாயங்காலம். காலண்டர் சீசன், ஆர்டர் நெருக்குகிறது என்று வழக்கமாக அவசரப்படுகிறவர் அன்றைக்கு இழுத்து இழுத்துப் பேசினார். என்னவென்று கேட்டேன். பவித்ரா மூன்று நாளாகப் பள்ளிக்குப் போகவில்லையாம். வயிற்று வலி என்றாளாம், பிறகு அம்மா இல்லாத வீட்டிலிருந்து கிளம்பப் பிடிக்கவில்லை என்று அழுதாளாம். சொன்னால் நான் இங்கே தனியாக உட்கார்ந்து மருகுவேன் என்று மறைத்திருக்கிறார். இன்றைக்குக் காலையில் அவளுடைய வகுப்பு டீச்சரே வீட்டுக்கு வந்துவிட்டாராம். தண்ணீர் கேட்டாராம், மழையைப் பற்றிப் பேசினாராம். கடைசியில் ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போய்விட்டாராம். எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது.

“காப்பி குடுத்தீகளா?”

“பவித்ரா போட்டா. குடிச்சாக.”

“எந்த டம்ளர்ல?”



“ஒன்னோட டம்ளர்லதான். அதுதான் சும்மா கெடந்துச்சு.”

மணி அடித்தது. போனை மேசைக்குள் போட்டுவிட்டு, பத்து விதிகள் உள்ள புதுத் தாள்களை எடுத்துக்கொண்டேன். கதவைத் திறந்து பிடித்தபடி நின்று, உள்ளே வருகிற பிள்ளைகளை ஒவ்வொன்றாக எண்ணினேன். எல்லோரும் உட்கார்ந்த பிறகும் கதவைச் சாத்த மனசு வராமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.