சறுக்கிய கோல்

மரக்காணம் டீக்கடை டிவியில், ஓய்வுபெற்றுவிட்ட ஒரு பிரான்ஸ் கால்பந்து ஸ்ட்ரைக்கரின் பழைய கோல்களைக் காட்டினார்கள். கோல் போட்டதும் அந்த ஆள் முட்டியால் தரையில் சறுக்குகிறார். எனக்கு எங்கள் உப்பளத்துச் சேற்று நாற்றம் அடித்தது.

சின்ன வயதில் என் அண்ணனுக்கு அவர்தான் எல்லாம். ஊரில் அண்ணன் அளவுக்குக் கோல் போட ஆளில்லை. காய்ந்துபோன உப்புப் பாத்தியில் ஒருநாள் கோல் போட்டுவிட்டு அவரைப் போலவே சறுக்கினான். இரண்டு முட்டியும் கிழிந்தன.

"இதுக்கெல்லாம் படுத்துட்டா சோறு எவன்டா போடுவான்?" என்று அப்பா மறுநாளே அவனை உப்புத் தண்ணீரில் வேலைக்கு இறக்கினார். புண் அழுகியது. ஒரு கால் மடங்காமலே போனது. அதோடு ஆட்டம் முடிந்தது. இன்னும் உப்புதான் வாருகிறான்.

பக்கத்தில் அந்தக் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அண்ணன் டிவியையே பார்த்தான்.

"அவருக்குக் கீழ புல்லு இருந்துதுடா," என்றான்.