பதினாறாவது எழுத்து

லக்ஷ்மிநாராயணனை முழுசாகச் சொல்லி முடிக்க இந்தப் புனே நகருக்குப் பொறுமை கிடையாது. ஆங்கிலத்தில் எழுதினால் பதினாறு எழுத்து. கேஸ் கனெக்‌ஷன் புத்தகம் கடைசி எழுத்தை விழுங்கிவிட்டது. பஸ் பாஸில் ‘லக்ஷ்மிநாரா’வோடு மூச்சு வாங்கி நின்றுவிட்டார். கோந்த்வாவில் குடியிருக்கும் ஃப்ளாட்டின் வாட்ச்மேனுக்கு வெறும் லக்ஷ்மி காகா, அதாவது லக்ஷ்மி சித்தப்பா. அன்று காலை கூரியர்காரன் ஒருபடி மேலே போய், கதவைத் திறந்தவரிடமே, “லக்ஷ்மி மேடம் ஹை க்யா?” என்று வீட்டம்மாவைக் கேட்டான்.

“மேடம் இப்பதான் ஷேவ் பண்ணிண்டு வந்திருக்காள்னு சொல்லுங்கோ,” என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள் மனைவி வனஜா.

“போடி!”

வயது ஐம்பத்திரண்டு. கேம்ப் பகுதியில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் ஆபீஸ். பட்டறை மெஷின்களை இணைக்கும் நெட்வொர்க் பெட்டிகள் செய்யும் சின்ன கம்பெனி. பதினெட்டு வருஷம் அங்கே போனைப் பிடித்துக்கொண்டு, “ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கோ” என்று மூன்று பாஷையில் ஓதியவர், மூன்று மாதமாகத்தான் கோட் எழுதுகிறார். அதுவும் சோதனைக்கு. இன்று கடைசி நாள். தேறினால் இந்த நாற்காலி. இல்லாவிட்டால் பழையபடி போன்.

பெட்டிக்குள் ஓடுவது லினக்ஸ் கெர்னல், பெட்டியை ஆட்டி வைக்கும் மூல மென்பொருள். வெளியிலிருந்து அதற்குள் போகும் ஒவ்வொரு தகவலின் நீளத்தையும் வாசலிலேயே சரிபார்க்க வேண்டும். அதைக் கையால் எழுதுவதில்லை. ஒரு கோப்பில் ‘பெயர், அதிகபட்ச நீளம் இவ்வளவு’ என்று ஒரு வரி போட்டால், ஸ்கிரிப்ட் எனும் குட்டி புரோகிராம் அதைப் படித்துப் பார்த்துக் கெர்னலுக்கான கோடைத் தானே எழுதிக் கொடுத்துவிடும். ரொம்ப சமத்து. தப்பாகச் சொன்னால் அந்தத் தப்பையும் பிசகில்லாமல் எழுதும்.

பெட்டியின் பெயருக்கு லக்ஷ்மிநாராயணன் போட்ட வரம்பு பதினாறு. பெயருக்காக ஒதுக்கிய இடமும் பதினாறு பைட், எழுத்துக்கு ஒன்று, பொருந்திவிட்டது என்று டீம் லீட் ப்ரீத்தியிடம் சொல்லியிருந்தார். சொல்லாத காரணம் உங்களுக்கே புரிந்திருக்கும். ப்ரீத்தி கோயம்புத்தூர்ப் பெண், வயதில் அவரில் பாதி. “சரிங்க சார்” என்று காலையிலேயே அதைக் கம்பெனியின் கோடில் சேர்த்துவிட்டாள். மறுநாள் பெட்டிகள் கசார்வாடியில் ஒரு பட்டறைக்குக் கிளம்ப வேண்டும்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும், திருட்டுத்தனமாக ஒரு பெட்டிக்குத் தன் பெயரையே வைத்தார். திரும்பப் படிக்கச் சொன்னார். LAKSHMINARAYANANKASARWADI என்று வந்தது.

வாழ்நாளில் முதல்முறையாக அவர் பெயர் நீண்டிருந்தது. ஒரு நிமிஷம் குஷியாகக்கூட இருந்தது. அப்புறம்தான் எழுத்துகளை எண்ணிப் பார்த்தார். பெயர் முடிந்தது என்று காட்ட, கடைசியில் ஒரு பூஜ்யத்துக்கு இடம் வேண்டும். பதினாறாவது எழுத்து அதில் ஏறி உட்கார்ந்துவிட்டது. எங்கே நிறுத்துவது என்று தெரியாத கெர்னல், பக்கத்தில், பெட்டி போகும் ஊர் என்று பதிந்திருந்த கசார்வாடியையும் சேர்த்து வாசித்திருக்கிறது. இன்றைக்கு ஊர், நாளைக்கு அங்கே பாஸ்வேர்ட் இருந்தால்?

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. திங்கட்கிழமை நாற்காலி அவருடையது. கீழே பேக்கரிக்குப் போய், பால்கோவா போட்ட மாவா கேக் ஒன்று தின்றார். இன்னொன்றும் தின்றார். மேலே வந்தார்.

“ப்ரீத்தி, ஒரு தப்பு பண்ணிட்டேம்மா. பதினஞ்சுதான் விடணும்.”

“சேத்தியாச்சுங்களே சார்! எப்படிக் கண்டுபிடிச்சீங்க? பதினாறு எழுத்துல எவனுங்க பேரு வெப்பான்?”

ப்ரீத்தி அவர் கழுத்து அட்டையைப் பார்த்தாள். ‘LAKSHMI N’ என்றிருந்தது. முழுப் பெயரை விரல் விட்டு எண்ணினாள். சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

“இடத்தைப் பதினேழாக்கிரலாங்களா?”

“பழைய பெட்டியெல்லாம் ஒத்துக்காதும்மா.”

அவரே பதினைந்து என்று மாற்றி, ஸ்கிரிப்டை ஓட்டி, மறுபடி தன் பெயரைக் கொடுத்தார். கெர்னல் நீளம் அதிகம் என்று திருப்பி அடித்தது.

“பாத்தியா, வெட்டல. மத்தவா கேக்காம வெட்டுவா. இது முகத்துக்கு நேரா முடியாதுங்கறது.”

ப்ரீத்தி சோதனைக் கோப்பைத் திறந்தாள். ஒவ்வொரு தடவை கோட் மாறும்போதும் கெர்னல் மறுத்தே ஆகவேண்டிய பெயர் என்று, அவர் பெயரின் பதினாறு எழுத்தையும் அடித்தாள். “இந்த ஃபைல்ல நீளத்துக்கு வரம்பு இல்லீங்க சார்.”

“போன் சீட்டுக்கு எப்ப போகட்டும்?”

“அதுக்கு வேற ஆளைப் பாத்துக்கறேனுங்க. நீங்க இங்கயே உக்காந்து அடுத்த தப்பைத் தேடுங்க.”

படிக்கட்டில் நின்று வனஜாவுக்குப் போன் போட்டார். “என் பேர் முழுசா வந்துடுத்துடி!”

“எதுல?”

“உள்ள விடக்கூடாதவா லிஸ்ட்ல.”

“சரியான ஆளைத்தான் போட்டிருக்கா. வரச்சே கொத்தமல்லி ஒரு கட்டு வாங்கிண்டு வாங்கோ.”